அண்ணன் சொன்ன பள்ளி

அந்தக் குடும்பத்தில் உயரத்தில் வேலை பார்ப்பவன் பெரியவன் ஒருவன்தான். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடங்களில் ஒற்றைக்காலில் நிற்குமே கோபுரக் கிரேன், அதன் உச்சியிலிருக்கும் கண்ணாடிக் கூண்டு அவனுடைய இடம். காலையில் ஏணி வழியாக ஏறினால் மதியச் சாப்பாடும் மேலேயே முடிந்துவிடும். கூண்டின் தரையிலும் ஒரு கண்ணாடி உண்டு. கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் கம்பி தெரியும், கம்பியின் நுனியில் கொக்கி தெரியும், கொக்கியைச் சுற்றி மஞ்சள் தொப்பி போட்ட மனிதர்கள் தெரிவார்கள். வருடக்கணக்காக இப்படிக் குனிந்தே பார்த்ததில் உலகம் தனக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது என்று அவனுக்கு ஓர் எண்ணம். அதில் அவனுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

"என் பெரியவன் ஆகாசத்துல வேலை பாக்கறான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். காதில் விழாதவன் மாதிரி பெரியவன் கேட்டுக்கொண்டிருப்பான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நாற்காலி அவனுக்குத்தான். அவன் தம்பி, சின்னவன், கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான். சின்னவன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். என்ன ஓட்டினாலும் தரையில் ஓடுகிற வண்டிதானே என்பது பெரியவன் கட்சி. இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். தம்பிக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்தது, ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பெரியவன்தான். தம்பி மேல் அவனுக்குப் பாசம் இல்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. பாசம் நிறையவே இருந்தது, தம்பி கீழே இருந்த வரைக்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப் போறேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவனே மெல்ல விளக்கினான். போன வருஷம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய விபத்து. ஆம்புலன்ஸுக்குள் அடிபட்டவரை ஏற்றியாயிற்று, ஆனால் முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நகரவே இல்லை. சைரன் போட்டு என்ன பிரயோஜனம். கடைசியில் பக்கத்து வெட்டவெளியில் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

"நான் கையக் கட்டிட்டு வேடிக்கை பாத்தேன்மா. அந்த ஆள் பொழச்சுட்டாரு. அன்னிலேர்ந்து வேற நெனப்பே இல்ல." யாருக்கும் சொல்லாமல் தகுதித் தேர்வு எழுதியிருந்தான். கண், காது, இதயம் என்று எல்லாப் பரிசோதனையிலும் தேறியிருந்தான். இனி பள்ளியைத் தேர்ந்தெடுத்துச் சேர வேண்டியதுதான் பாக்கி.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பெரியவனின் மனைவி "அடேயப்பா, எங்க கொழுந்தனாரா இது" என்றாள். பெரியவனின் மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, சித்தப்பா உங்களவிட உயரமாப் போவாரா?"

பெரியவன் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "போவாருடி. அப்பாவோட கிரேன் அங்கேர்ந்து பாத்தா குச்சி மாதிரி தெரியும்."

பெரியவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தான். தம்பியின் முதுகில் தட்டி "நல்லாருடா" என்றான். சொன்ன குரல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளேதான் ஏதோ பற்றிக்கொண்டது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. கவலை என்று வைத்தான். ஹெலிகாப்டர் என்றால் சும்மாவா, உயிர் போகிற காரியம் ஆயிற்றே, அண்ணன் கவலைப்படாமல் யார் கவலைப்படுவார்கள்? இரண்டு நாள் இந்தக் கவலை நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே எங்கோ ஒரு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அவன் நிமிர்ந்து பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தான். கவலைப்படுகிறவன் பல்லைக் கடிப்பானா? அப்போதுதான் தனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று அவனுக்கே புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவன் தலையிலேயே வந்து விடிந்தது.

"நீ கூடப் போய்ப் பாத்துட்டு வாடா" என்றாள் அம்மா. "உயரத்தப் பத்தி இந்த வீட்ல உனக்குத்தானே தெரியும்."

"அண்ணன் எந்த ஸ்கூல்னு சொல்லுதோ அதுலதான் சேருவேன்" என்றான் சின்னவன். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. சைக்கிளை விட்டு அண்ணன் கையை எடுத்தது தெரியாமல் மிதித்தானே சின்ன வயதில், அதே முகம்.

படிப்புக்குப் பணம் கட்ட அம்மா பேரிலிருந்த மனையை விற்கப் பெரியவனும் தடை சொல்லாமல் சம்மதித்திருந்தான். ஒரு தடவை ஒரு பள்ளியில் கட்டிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது, இன்னொரு பள்ளிக்குப் போகவும் வழியில்லை. ஆகவே ஒரே ஒரு தேர்வு, அது சரியாக அமைய வேண்டும். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பெரியவனைப் பாராட்டிவிட்டுப் போனார். படைக்கு அஞ்ச மாட்டான், சரி. தம்பிக்கே அஞ்சுகிறவனைப் பற்றிப் பழமொழி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் போனது நகரத்துப் பள்ளி. முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே குளிர்சாதனம், காலை வைத்தால் அமுங்கும் சோபா. சேர்க்கைக்கு என்று டை கட்டிய ஓர் அதிகாரி, அவர் பேச்சில் தேன் ஒழுகியது.

"சார் என்ன பண்றீங்க?"

"கோபுரக் கிரேன் ஆபரேட்டர்" என்றான் பெரியவன்.

"அப்படிப் போடுங்க. உங்களுக்கெல்லாம் ஹெலிகாப்டர் தண்ணி பட்ட பாடு சார். தம்பிக்குப் பதிலா நீங்க சேந்தாகூட சீக்கிரம் முடிச்சிடுவீங்க."

பெரியவன் அடக்கமாகச் சிரித்தான். அந்த வார்த்தை அவனுக்குள் சர்க்கரையாக இறங்கியது. கண்ணாடிக்கு அப்பால் நாலைந்து ஹெலிகாப்டர்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றுக்கும் உறை போட்டிருந்தது. "காலைல ஓட்டம் முடிஞ்சிருச்சு சார்" என்றார் அதிகாரி. சின்னவன் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பெரியவன் கை கழுவப் போனான். அங்கே சீருடை போட்ட ஒரு மாணவன் கண்ணாடி முன்னால் தாடியைச் சீவிக்கொண்டிருந்தான்.

"புதுசா சேர வந்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

"என் தம்பி."

அந்த மாணவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இங்க சேரும்போது எனக்குத் தாடி இல்ல. உக்காந்து உக்காந்தே வளத்தது. வெளிய நிக்கறதுல ஒண்ணுதான் பறக்குது. மத்ததெல்லாம் ரிப்பேர், காட்சிக்கு நிக்குது. அதுவும் எனக்கு மொற வர்ற அன்னிக்கு மழ வரும், இல்லன்னா சொல்லித்தர்றவர் லீவு போடுவாரு. கட்டினத விட்டுட்டுப் போகவும் முடியல. உங்க தம்பிய வேற எங்கயாவது சேத்துடுங்க."

பெரியவன் கை கழுவினான். தண்ணீர் சில்லென்று இருந்தது. வெளியே வந்ததும் சின்னவன், "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டான்.

"பாக்கலாம். எல்லாத்தயும் பாத்துட்டு சொல்றேன்" என்றான் பெரியவன். அப்போது மறைக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். இரண்டாவதாகப் போன பள்ளியில் கேட் பூட்டியிருந்தது, காவலாளி அடுத்த மாதம் வரச் சொன்னார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

மூன்றாவது பள்ளிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஊர் தாண்டி, புல்வெளி நடுவில் ஒரு தகரக் கொட்டகை. இரண்டே இரண்டு சின்ன ஹெலிகாப்டர்கள். ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் அடிவயிற்றை இரண்டு மாணவர்கள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சோபா கிடையாது. சொல்லித்தருபவர் ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கறுப்புக் கண்ணாடி, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். வந்தவர்களை வாங்க என்று சொல்வதற்கு முன் எடைமெஷினைக் காட்டினார்.

"ஏறுங்க. இது சின்ன மெஷின். எடை தெரியாம யாரையும் உக்கார வைக்க மாட்டேன்."

சேருவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. ஓட்டிப் பார்த்தால் பாதிப் பேர் தாமே திரும்பிப் போய்விடுவார்களாம். "கூட வந்தவங்களும் ஆசைப்பட்டா உக்காரலாம்" என்றார்.

"அண்ணா, நீ முதல்ல போ" என்றான் சின்னவன்.

மூத்தவன் இருக்க இளையவன் முந்தலாமா? பெரியவன் முந்தினான். நகரத்துப் பள்ளி அதிகாரி ஊட்டிய சர்க்கரை இன்னும் நாக்கில் இருந்தது. காதுக்கு ஹெட்செட், முன்னால் முழுக்கக் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. நம்ம கூண்டேதான் என்று நினைத்துக்கொண்டான். கேப்டன் இயந்திரத்தை மெல்லக் கிளப்பி, புல்லுக்கு ஓர் ஆள் உயரத்தில் அசையாமல் நிறுத்தினார். "இப்ப நடுவுல இருக்கற குச்சிய மட்டும் நீங்க பிடிங்க. மத்ததெல்லாம் என்கிட்ட இருக்கு. இதே இடத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

பெரியவன் பிடித்தான். இயந்திரம் லேசாக இடது பக்கம் நழுவியது. இங்கேதான் அவனுடைய தொழில் அவன் காலை வாரியது. கிரேனில் தொங்குகிற பாரம் இடது பக்கம் ஆடினால், ஆபரேட்டர் கொக்கியையும் இடது பக்கமே கொண்டுபோய் அந்த ஆட்டத்தைப் பிடிக்க வேண்டும். பாரத்தைத் துரத்திப் பிடித்தால்தான் அது அடங்கும். வருடக்கணக்காக அவன் கைக்கு அதுதான் பாடம். ஆகவே குச்சியை இடது பக்கமே தள்ளினான். ஹெலிகாப்டர் இன்னும் இடது பக்கம் பாய்ந்தது. அவன் இன்னும் தள்ளினான். கண்ணோ பழக்கப்படி காலடிக் கண்ணாடியில், இல்லாத கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தது. கொட்டகை பக்கவாட்டில் வேகமாக ஓடி வந்தது.

"என்கிட்ட விடுங்க" என்றார் கேப்டன். குச்சியை வாங்கி ஒரு நொடியில் நிறுத்தினார். "கீழ பாக்காதீங்க சார். தூரத்துல பாருங்க." இன்னொரு தடவை கொடுத்தார். இன்னொரு தடவை அதே கூத்து. கேப்டன் தலையைத் திருப்பி அவனை ஆராய்ச்சியாகப் பார்த்தார். "புதுசா வர்றவங்க எல்லாரும் அளவுக்கு மீறித் திருப்புவாங்க. ஆனா சரியான பக்கம் திருப்புவாங்க. நீங்க மட்டும்தான் போற பக்கமே தள்றீங்க. நான் இப்படிப் பாத்ததே இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. இறங்கிய பிறகு, துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிரித்தார்கள்.

அடுத்தது சின்னவன். புல்வெளி ஓரத்தில் பெரியவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஆடணும், நல்லா ஆடணும் என்று மனசுக்குள் வேண்டினான். கடவுளிடம் தம்பிக்கு எதிராக அவன் வேண்டியது அதுதான் முதல் தடவை. ஹெலிகாப்டர் ஆடத்தான் செய்தது. தண்ணீரில் விட்ட சொம்பாக முன்னும் பின்னும் அலைந்தது. பெரியவனின் தோள் தளர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அலைச்சல் குறைந்தது. ஒரு கட்டத்தில், நாலைந்து மூச்சு விடும் நேரம், அது அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கேப்டன் இறங்கி வந்து, "அடக்கமான கை" என்றார். "உங்க தம்பிக்கு நான் சொல்லித் தரேன். ஒரே எடம்தான் இருக்கு, ரெண்டு வாரத்துல சொல்லிடுங்க."

திரும்பி வரும் வழி முழுக்கச் சின்னவன் பேசிக்கொண்டே வந்தான். பெரியவன் பஸ் ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தான். தன் கை தோற்ற இடத்தில் தம்பியின் கை ஜெயித்திருக்கிறது, அதுவும் கிரேன் நெம்புகோலைத் தொட்டறியாத கை. அந்தத் தகரக் கொட்டகையில் தம்பி படித்துப் பெரிய ஆள் ஆவான், அந்த மாணவர்கள் "உங்க அண்ணன்தானே அன்னிக்கு..." என்று ஆரம்பிப்பார்கள். அதை நினைக்க நினைக்க அவன் வயிறு எரிந்தது. இத்தனை நாள் தன்னைச் சுமந்த உயரத்தை யாரோ உருவிக்கொண்டு போவதாக இருந்தது.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். "எந்த ஸ்கூல்டா?" என்றாள் அம்மா.

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அவனுக்குத் தகரக் கொட்டகைதான் பிடித்திருந்தது என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"நகரத்து ஸ்கூல்தான்" என்றான் பெரியவன். "அந்தக் கொட்டகைல என்ன இருக்கு? ரெண்டு மெஷின், அதுவும் ஓட்டை. துணியக் குடுத்துத் துடைக்க விடுவாங்க. நகரத்துல பாத்தேல்ல, எவ்வளவு வசதி, எத்தனை மெஷின். பேரும் இருக்கு. அங்க படிச்சவன்னு சொன்னாலே மதிப்புதான். நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

"சரிண்ணா" என்றான் சின்னவன். ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட பெரியவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாத்திரம் கழுவும்போது மனைவி கேட்டாள். "ஏன் இவ்வளவு பேசுனீங்க?"

"எவ்வளவு பேசுனேன்?"

"உண்மையா இருக்கும்போது நீங்க ஒரு வரிதான் பேசுவீங்க" என்றாள். அவன் துண்டை உதறினான்.

சின்னவன் ஆம்புலன்ஸ் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை போய்ச் சேருவதாக ஏற்பாடு. பெரியவன் தினமும் கூண்டில் ஏறினான், குனிந்தான், தூக்கினான், இறக்கினான். தாடி வைத்த மாணவன் மட்டும் நினைப்பில் கூடவே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டான். நாமாகவா தம்பியைக் கெடுத்தோம், ஒன்றும் சொல்லாமல் இருந்தோம், அவ்வளவுதானே என்று பெரியவன் அவனுக்குச் சமாதானம் சொன்னான். அவன் தாடியைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை கட்டடத்தின் பின்புறம் ஓர் இரும்பு உத்தரத்தை இறக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் கூண்டிலிருந்து தெரியாது, கட்டடம் மறைக்கும். இப்படிப்பட்ட நேரங்களில் ஆபரேட்டருக்குக் கண் கிடையாது. கீழே நிற்கும் சைகைக்காரன் ரேடியோவில் சொல்வதுதான் கண். அந்தச் சைகைக்காரனுக்குப் பட்டப்பெயர் விசில். விசிலுக்கும் பெரியவனுக்கும் ஆகாது. இருவரும் ஒன்றாகத்தான் ஆபரேட்டர் தேர்வு எழுதினார்கள். விசில் தேறவில்லை, கூண்டு பெரியவனுக்குப் போனது. அன்றிலிருந்து "ஒக்காரத் தெரிஞ்சவன்லாம் ஆபரேட்டராம்" என்று டீக்கடையில் விசில் பேசாத நாளில்லை.

"இறக்கு... இறக்கு... மெதுவா" என்று ரேடியோவில் விசிலின் குரல் வந்தது. "நிறுத்து. கீழ ஆளு இருக்கு. நகரட்டும். இப்ப வலது பக்கம் ஒரு கை. போதும். இறக்கு. தொட்டாச்சு."

தொட்டாச்சு என்றால் தொட்டாயிற்று. பெரியவன் ஒன்றையும் பார்க்கவில்லை, ஆனால் சந்தேகமும் படவில்லை. அவன் கை கம்பியைத் தளர்த்திய பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் விசில் சொல்லி ஒன்றுகூட இடம் மாறி இறங்கியதில்லை.

சாயங்காலம் டீக்கடையில் விசிலின் பக்கத்தில் போய் நின்றான். விசில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உனக்கு எம்மேல வயித்தெரிச்சல்தானே?" என்று கேட்டான் பெரியவன்.

"ஆமா. இத இப்பத்தான் கண்டுபிடிச்சியா?"

"ஒரு நாள்கூட ரேடியோல தப்பா சொல்லணும்னு தோணலையா?"

விசில் டீயை ஆற்றிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தான். "தோணும். மேலேர்ந்து 'என்ன விசில், தூங்கறியா'ன்னு திமிராக் கேப்ப பாரு, அப்ப நல்லாவே தோணும். ஆனா கண்ணு தெரியாம, எஞ்சொல்ல நம்பி ஒருத்தன் கைய அசைக்கறான். அவன்கிட்டப் போய்ப் பொய் சொன்னா நானெல்லாம் மனுசனா? எரிச்சல் இருந்தா இங்க வந்து திட்டித் தீத்துக்கறேன். அதான் தெனமும் திட்டறேன்ல." பிறகு சந்தேகம் வந்து, "ஏன், நீ எங்கயாவது தப்பா சொல்லிட்டியா?" என்றான்.

பெரியவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தான்.

ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்தில் சின்னவன் கடைசி நாளாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே தரையில் சோப்பு நுரை. அண்ணனைப் பார்த்ததும் சிரித்தான். "என்னண்ணா, இங்க?"

"அந்த நகரத்து ஸ்கூல் வேண்டாம்" என்றான் பெரியவன். மாணவன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். தாடி, உறை போட்ட இயந்திரங்கள், எல்லாம்.

சின்னவன் குழாயைப் பிடித்தபடி நின்றான். தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. "இத எப்ப கேட்டே?"

"அங்க போன அன்னிக்கே."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏன் அதுல சேரச் சொன்னே?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மாணவன் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இரண்டும் பெரியவனின் நாக்கு நுனிவரை வந்தன. "பொறாமைடா" என்றான்.

சின்னவன் குழாயை மூடினான். "யார் மேல?"

"உம்மேலதான்."

"எம்மேலயா?" அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எங்கிட்ட பொறாமைப்பட என்னண்ணா இருக்கு? எல்லாரும் உன்னத்தானே..." பாதியில் நிறுத்தினான். விளங்க ஆரம்பித்ததும் முகம் மாறியது. "வேலைய விட்டுட்டேன். அம்மா மனை போயிருக்கும். நீ சொன்னேன்னுதானே கேள்விகூடக் கேக்கல நான். நீ போண்ணா. நான் அப்புறம் வரேன்."

மறுநாள் காலையில் சின்னவன் தனியாகப் பஸ் ஏறித் தகரக் கொட்டகைக்குப் போனான். அந்த ஓர் இடம் இன்னும் போயிருக்கவில்லை. அங்கேயே தங்கிப் படித்தான். வீட்டுக்குப் போன் வரும். அம்மாவிடம் பேசுவான், அண்ணியிடம் பேசுவான், பெரியவனின் மகளிடம் நெடுநேரம் பேசுவான். பெரியவன் வாங்கினால் "சாப்டியா?" "ம்." "படிப்பு?" "போகுது." அதோடு சரி. பெரியவனின் மனைவி எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. டீக்கடையில் விசில் திட்டும்போது மட்டும் அவனுக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உண்மையைச் சொன்னதும் பொறாமை போய்விடும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். போகவில்லை. தம்பி இன்று திருப்பக் கற்றானாம், இன்று குன்றுக்கு மேலே போனானாம் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அது புதிது புதிதாகத் துளிர்த்தது. இது சாப்பாடு போடாமலே வளர்கிற பிள்ளை என்று அலுத்துக்கொண்டான்.

ஒரு நாள் அண்ணிக்குப் போன் வந்தது. "ஞாயித்துக்கிழம முதல் தடவையாத் தனியா ஓட்டறேன் அண்ணி. எல்லாரும் வாங்க." கொஞ்சம் இடைவெளி விட்டு, "அண்ணாவையும் கூட்டிட்டு வாங்க" என்றான்.

வேலியோரம் எல்லோரும் நின்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், கண்ணை மூடிக்கொண்டே "ஏறிட்டானா, ஏறிட்டானா" என்று கேட்டாள். கேப்டன் கையில் ரேடியோவோடு தள்ளி நின்றார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து இருக்கை காலியாக, சின்னவன் மட்டும் உள்ளே. புல் படுத்தது. இயந்திரம் எழுந்து ஓர் ஆள் உயரத்தில் நின்றது.

லேசா ஓர் ஆட்டம், போதும் என்று பெரியவன் நினைத்தான். நினைப்பைத் தடுக்க முடியவில்லை. அவன் கை தொடை மேல் தானாக அசைந்தது, வழக்கம்போலத் தப்பான பக்கத்துக்கு. ஹெலிகாப்டர் அசையவில்லை. புல்வெளியைச் சுற்றிவிட்டு வந்து, புறப்பட்ட இடத்திலேயே மறுபடி நின்றது, மெல்ல இறங்கியது. பெரியவனின் மகள் கை தட்டினாள். அவனும் தட்டினான். பெருமையா பொறாமையா என்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை, இரண்டும் ஒரே இடத்தில் எரிந்தன.

சின்னவன் ஹெட்செட் அழுத்திய தலைமுடியோடு வந்தான். அம்மா கட்டிக்கொண்டாள். அண்ணி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அதைத் திறக்காமலே அவன் நேராக அண்ணனிடம் வந்தான். பல மாதங்களுக்குப் பிறகு முகத்துக்கு நேரே நின்றான்.

"எப்படிண்ணா இருந்தது? நிறுத்தும்போது ஆடிச்சா? உள்ள இருந்தா தெரியறதே இல்ல. வெளிய நின்னு பாக்கறவங்க சொன்னாத்தான் உண்டு."

"லேசா ஆடிச்சு" என்றான் பெரியவன்.

அது அவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை, முந்திக்கொண்டு வந்துவிட்டது. சின்னவனின் முகம் கொஞ்சம் வாடியது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு, யோசித்தபடியே கேப்டன் இருந்த பக்கம் திரும்பி நடந்தான்.

"டேய்."

சின்னவன் நின்றான்.

"ஆடல" என்றான் பெரியவன். "நான் பொய் சொன்னேன். ஒரு இம்மிகூட ஆடல."

 தம்பி திரும்பி வந்தான். குரலில் கோபம் இல்லை, கேலிதான் இருந்தது.

"இன்னும் எரியுதாண்ணா?"

"எரியுதுடா" என்றான் பெரியவன்.

சின்னவன் மூடியைத் திருகி, தான் ஒரு வாய்கூடக் குடிக்காத தண்ணீர் பாட்டிலை அண்ணனிடம் நீட்டினான்.